மரஞ்சூழ் திடலும் ஊவாக் காற்றும்

பதுளை நகரில் தூய மாற்கு ஆலயம் என்றொரு சிறிய கற்கோயில் உண்டு. மேஜர் தோமஸ் உவில்லியம் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டு, 1857ஆம் ஆண்டில் அபிடேகம் பெற்ற கோயில் அது. ரோஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஊவாவின் மலைச்சரிவுகளில் பாதைகள் பல அமைத்தவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர் வாங்கியவர். 1845ஆம் ஆண்டு சூன் மாதம், அப்புத்தளை விடுதியில் தங்கியிருந்தபோது, இடி விழுந்து மாண்டார். நினைவுக் கோயில் பதுளையில் இருப்பினும், அவருடைய உடல் அங்கே இல்லை. மலைத்தொடருக்கு அப்பால், நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டது. அந்தப் பழைய கல்லறை இன்று கோல்ப் திடலின் நடுவே, ஓங்கிய மரங்களின் அருகே கிடக்கின்றது. ரோஜர்ஸின் கல்லறையையும் இடி விடாது துரத்தியது என்று ஊரார் கதை சொல்வர். யானைகளைக் கொன்ற பாவம் என்பது அவர்கள் முடிவு.

அவரை அடக்கம் செய்த நாளில் அந்த இடத்தில் கோல்ப் ஆட்டம் இல்லை. இன்று அங்கே பந்துக்கு வழி மறித்து நிற்கும் மரங்களுள் பெரும்பாலான இனங்களும் இல்லை. புல்லும் சதுப்பும் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் இயற்கையான மலைக்காடு. அவ்வளவே. ஆட்டமும் மரமும் பின்னர் வந்தவை. ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே மக்கட்கூட்டத்தின் தேவைக்காக வந்தவை. அவை எவ்வாறு ஒன்றையொன்று பற்றிக்கொண்டன என்பதை அறிய நுவரெலியாவை மட்டும் பார்த்தாற் போதாது. மலையின் கீழ்த்திசையில் இறங்கி, ஊவாத் தோட்டங்களின் காற்றையும் காட்டையும் பார்த்தல் வேண்டும்.

கோல்ப் பிறந்த இடம் மரமற்ற இடம். ஸ்கொட்லாந்தின் கீழைக் கடற்கரையில், கடலுக்கும் கழனிக்கும் இடையே, உழவுக்கு உதவாத மணல்மேடுகள் உள்ளன. அங்கே வளர்வது குறும்புல்லும் முட்புதருமே. காற்று ஓயாது வீசும். சென் அன்றூசு போன்ற பழைய திடல்கள் அத்தகைய நிலத்தில்தான் உருவாயின. அங்கே ஆட்டக்காரனுக்குப் பகை காற்றும் மணற்குழியும் ஆகும். பந்தைத் தாழ அடித்து, நிலத்தில் உருளவிட்டுக் குழியை நாடுதல் அவ்விடத்து வழக்கம். பந்து சிறிது விலகினாலும் குற்றமில்லை. தேடி எடுத்து மறுபடி அடிக்கலாம். தலைக்கு மேலே கிளை என்பது அந்த ஆட்டம் பிறந்தபோது எவரும் எண்ணிப் பாராத ஒன்று.

வணிகரும் படைவீரரும் சென்ற இடமெல்லாம் இந்த ஆட்டமும் சென்றது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையதெனக் கொள்ளப்படும் கழகம் 1829இல் கல்கத்தாவில் தோன்றியது. 1879இல் கொழும்பில் ஒரு கழகம் எழுந்தது. காலிமுகத் திடலில் ஆடத் தொடங்கிப் பின்னர் உள்நிலத்துக்குப் பெயர்ந்தது. 1889இல் நுவரெலியாவில் திடல் தோன்றியது. ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவரே அதற்கு வித்திட்டார் என்பர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1895இல், தமிழகத்துக் கொடைக்கானலிலும் ஒரு கழகம் ஏற்பட்டது. கடற்கரை ஆட்டம் இவ்வாறு மேகம் தவழும் மலைகளில் ஏறிற்று. ஏறியபின் அது பழைய ஆட்டமாக இருக்கவில்லை.

இனி ஊவாவின் நிலத்தை நோக்குவோர் ஒன்றைக் காண்பர். அங்கே காடும் புல்லும் கத்தரித்து வைத்தாற்போல் அடுத்தடுத்துக் கிடந்தன. பத்தனை எனப்படும் புல்வெளிகள் மலைமுதுகுகளை மூடியிருந்தன. பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் உயர்ந்த சரிவுகளிலும் அடர்ந்த காடு நின்றது. கோப்பி பயிரிட வந்த துரைமார் பத்தனையைத் தொடவில்லை. அதன் மண் வலுவற்றது என்று கருதினர். அவர்கள் வேண்டியது காட்டின் கருமண். எனவே, இருந்த காடு விழுந்தது. இல்லாத இடம் வெறுமையாகவே கிடந்தது. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடே கால்நடையாக மலையேறி வந்த தொழிலாளர் கோடரி எடுத்து அக்காட்டை வெட்டினர், தீயிட்டனர், குழி தோண்டினர். வழியில் மாண்டோர் பலர். காட்டை அழித்த கதைக்குள் அவர்கள் அழிந்த கதையும் அடங்கியிருக்கின்றது.

மலைச்சரிவு முழுவதும் ஒரே பயிர், இடையே மரம் இல்லை என்ற நிலை உருவாயிற்று. அதன் விளைவு முதன்முதலில் தென்பட்ட இடம் ஊவாவிலேயே உள்ளது. பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில், 1869ஆம் ஆண்டில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படர்ந்திருக்கக் கண்டனர். அந்தப் பூஞ்சணத்துக்கு அதே ஆண்டில் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார் பெர்க்லி என்னும் அறிஞர். 1880இல் அதை ஆராய்வதற்காக இலங்கைக்கு வந்த மார்ஷல் உவார்ட், பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தார். நோயின் வித்துத்துகள்கள் அவற்றில் ஒட்டியிருந்தன. நோய் காற்றிலேறிப் பயணம் செய்தது என்பது புலனாயிற்று. இடைமறிக்க மரவரிசை இல்லாத மலை, நோய்க்குத் திறந்த வாயிலாக இருந்தது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் குலைந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

இதற்கிடையே காட்டின் அருமையையும் சிலர் உணரலாயினர். கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர் யோசேப் ஹூக்கர் 1873இல் எழுதிய எச்சரிக்கையைத் தொடர்ந்து, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட அரசாங்கக் காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. வெலிமடைப் பாதையில், நுவரெலியாவுக்கும் ஊவாவுக்கும் இடைப்பட்ட ஹக்கலையில், 1861இல் அமைந்த தாவரத் தோட்டம், கொயினா மரத்தைப் பழக்குவதற்கென்றே தோன்றியது. ஆயினும் அங்கிருந்தும் பிற வழிகளாலும் மலைநாடெங்கும் பரவியவை அந்நிய நாட்டு மரங்கள் பல: ஆஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸ், வேலமர வகைகள், சைப்பிரஸ், கிரவீலியா. இவற்றுட் கிரவீலியாவைத் தோட்டத்து மக்கள் சவுக்கு என்பர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் வளரும் சவுக்கு வேறு, இது வேறு. பழகிய பெயரைப் புதிய மரத்துக்குச் சூட்டி அதனை உறவாக்கிக்கொண்டனர் போலும்.

தேயிலைக்கு மரம் வேண்டியதற்குக் காரணங்கள் பல. முதலாவது அடுப்பு. ஒரு கிலோத் தேயிலை பெற ஏறத்தாழ நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சிய எடை பெரும்பாலும் நீர். அந்த நீரை ஓட்டுவதற்கு ஆலை அடுப்பு எரிந்துகொண்டே இருத்தல் வேண்டும். விரைவில் வளரும் யூக்கலிப்டஸ் அதற்கு விறகாயிற்று. லயத்து அடுப்புக்கு அந்த விறகு எளிதிற் கிட்டவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை, மிலாறு என்று சொல்வார்களே, அதனைக் கட்டாகக் கட்டித் தலையிற் சுமந்து பெண்கள் வீடு திரும்பினர். இரண்டாவது நிழல். மூன்றாவதுதான் இங்கே முதன்மையானது, அது காற்று.

ஊவாவின் காற்றுக்குத் தமிழில் தனிப்பெயரே உண்டு: கச்சான். வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றைத் திசைபிரித்துப் பேசும் கரையோர மக்களுக்கு அது மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து, முகட்டைத் தாண்டி ஊவாவில் இறங்குகிறது. இறங்கும்போது வெப்பம் ஏறுகிறது, வேகமும் ஏறுகிறது. கொழும்பிலிருந்து வரும் புகைவண்டிப் பயணிகள் இதனைக் கண்ணாற் காணலாம். பட்டிப்பொலை நிலையத்தைக் கடந்து, முகட்டுச் சுரங்கத்துக்குள் மழையோடு நுழையும் வண்டி, மறுபுறம் ஒகியவை நோக்கி வெயிலோடு வெளிவருவதுண்டு. ஒரு சுரங்கத்தின் நீளமே இரண்டு பருவங்களுக்கு இடையிலுள்ள தூரம்.

இந்தக் கச்சானே ஊவாத் தேயிலையின் புகழுக்கும் காரணம். வறண்ட காற்றில் கொழுந்து மெல்ல வளர்கிறது; மணப்பொருள்கள் அதனுட் செறிகின்றன. மெத்தில் சாலிசிலேற்று என்னும் பொருளால் எழும் குளிர்ந்த நறுமணம் ஊவாத் தேநீருக்கே உரியது என்று சுவைஞர் சொல்வர். ஆனால் அதே காற்று அளவு மீறினால் தளிர் கருகும், மண் உலரும். ஆகவே தோட்டக்காரனுக்குக் காற்று வேண்டும். ஆனால் கட்டுக்குள் வேண்டும். மரத்தைச் சுவர்போல நெருக்கி நட்டால் காற்று நிற்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அவ்வாறன்று. முழுதும் அடைத்த மரச்சுவரின் மேலேறும் காற்று, அப்பால் சுழன்று குப்புற விழுகிறது. சிறிது தூரத்திலேயே முன்னிலும் குழப்பமாக வீசுகிறது. ஓரளவு ஊடுருவ விடும் வரிசையோ காற்றைச் சல்லடையிற் போலச் சலித்து, மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு, சிலவேளை அதற்கும் மேற்பட்ட தூரத்துக்குத் தணித்து அனுப்புகிறது. கிரவீலியாவின் கிளைகளை அவ்வப்போது வெட்டிவிடும் வழக்கத்தின் பயன்களுள் இதுவும் ஒன்று. மரம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கலாம் என்பதே தோட்டத்தின் கேள்வி. கோல்ப் திடலின் கேள்வியும் அதுவே.

சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்கு வசந்தகாலம். ஊவாவின் துரைமாரும் அக்காலத்தில் அங்கே கூடினர். முன்னர் வெலிமடை வழியாகக் குதிரையிலும் வண்டியிலும் ஏறினர். 1893இல் அப்புத்தளைக்கும் மறு ஆண்டில் பண்டாரவளைக்கும் புகைவண்டி வந்தபின் நானுஓயா வரை வண்டியிற் சென்றனர். பதுளைக்கு இருப்புப்பாதை எட்டியது 1924இல். துரைமாரின் கழகங்கள் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியனவாக இருந்தன. தமிழரும் சிங்களரும் அங்கே பணியாளராகவே நுழைந்தனர். இதை மறைத்து அந்த ஆட்டத்தின் அழகை மட்டும் பேசுதல் முறையாகாது.

நுவரெலியாத் திடல் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஆறாயிரத்து இருநூறு அடி உயரத்தில் உள்ளது. பதினெட்டுக் குழிகள். மொத்த நீளம் ஆறாயிரம் கெஜத்துக்கும் குறைவு. பெரும் போட்டிகள் நடக்கும் இக்காலத் திடல்கள் ஏழாயிரம் கெஜத்தைத் தாண்டுகின்றன. போதாததற்கு, மலையில் காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் அதே அடி கடற்கரையிற் செல்வதைவிடச் சற்றுத் தொலைவு செல்லும். கணக்குப் பார்த்தால் இது மிக எளிய திடலாக இருத்தல் வேண்டும். ஆனால் அங்கே ஆடியவர் எவரும் எளிது என்று சொல்வதில்லை. உயரம் கொடுத்ததை மரம் பிடுங்கிக்கொள்கிறது.

எவ்வாறு என்று பார்க்கலாம். முப்பது கெஜ அகலமுள்ள ஒரு புல்வழி, இருமருங்கும் மரம். இருநூறு கெஜத் தொலைவில் பந்து நடுக்கோட்டிலிருந்து பதினைந்து கெஜம் விலகினால் மரத்துக்குள் விழும். அடிக்கும் கணத்தில் அந்த விலகல் நாலு பாகைக்குச் சிறிது மேல்; கடிகார முள் ஒரு நிமிடத்தில் நகரும் கோணத்தைவிடக் குறைவு. திறந்த கடற்கரைத் திடலில் இந்தப் பிழை ஒரு பிழையே அன்று. இங்கே அது ஓர் அடியைத் தின்றுவிடும். எனவே மரஞ்சூழ் திடலில் வலிமை பின்தங்குகிறது, நேர்மை முன்வருகிறது. தொலைவாக அடிக்கும் பெரிய மரக்கோலைப் பையிலேயே விட்டுவிட்டு, குறைந்த தூரம் செல்லும் இரும்புக்கோலை எடுப்பவனே அங்கே அறிவாளி. இளைஞரை முதியவர் வெல்வதற்கு இத்தகைய திடல் இடம் கொடுக்கிறது என்றும் சொல்லலாம்.

மேலே தூக்கி அடித்து மரத்தைத் தாண்டலாமே என்று கேட்கலாம். திறமையான ஆட்டக்காரரின் பந்து உச்சத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து முதல் முப்பது மீட்டர் வரை எழும். முதிர்ந்த யூக்கலிப்டஸ் நாற்பது மீட்டரையும் கடக்கும். ஆகவே வளைந்து செல்லும் வழியில், வளைவின் உள்மூலையில் நிற்கும் ஒரு மரம் குறுக்கு வழியை அடியோடு அடைத்துவிடுகிறது. ஆட்டக்காரன் முதலடியைச் சரியான இடத்தில் இட்டு, அங்கிருந்து திரும்பி இரண்டாவதை அடித்தல் வேண்டும். மரம் ஆட்டத்தின் வரிசையையே கட்டளையிடுகிறது.

காற்றும் அங்கே வேறு முகம் காட்டுகிறது. மரங்களிடையே நின்று அடிக்கத் தொடங்குபவனுக்கு ஆடையின் விளிம்புகூட அசையாது. காற்றே இல்லை என்று எண்ணி ஓங்கி அடிப்பான். பந்து மரவுச்சியைத் தாண்டியதும் அதுவரை மறைந்திருந்த காற்று அதனைப் பற்றித் தள்ளும். குழியைச் சூழ்ந்த தரை அடர்ந்த மரங்களால் வளைக்கப்பட்டிருந்தால், மேலிருந்து சுழன்று விழும் காற்று பந்தை எத்திசையில் கொண்டுபோகும் என்று சொல்வதற்கில்லை. அனுபவசாலி புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்ப்பதோடு நிற்பதில்லை. அண்ணாந்து உச்சிக்கிளையைப் பார்ப்பான். ஊவாவின் தேயிலை மலையில் மரச்சுவருக்கு அப்பால் நிகழும் அதே சுழற்சிதான் இது. தோட்டத்தில் அதனைக் கண்டறிந்தவருக்குத் திடலில் அது புதிதாக இருந்திராது.

எல்லா மரமும் ஒன்றன்று. யூக்கலிப்டஸின் இலைகள் தொங்கி நிற்பன. வெயிலைப் பெரிதும் மறைப்பதில்லை. அடிமரம் நெடுந்தூரம் கிளையற்றது. அதன் தோப்பில் விழுந்த பந்துக்கு மீட்சி உண்டு: இரண்டு மரங்களுக்கிடையே இடைவெளி பார்த்து, கோலைத் தாழப்பிடித்து, பந்தைக் கிளைக்கடியில் பாம்புபோல ஓடவிடலாம். உரிந்து கிடக்கும் மரப்பட்டைதான் இடைஞ்சல். பைன் மரத்தடியில் ஊசியிலைகள் மெத்தைபோலப் பரந்திருக்கும். பந்து அதன்மேல் நிற்கும், ஆனால் கால் வழுக்கும். சைப்பிரஸ் இவ்விரண்டையும் போன்றதன்று. தரைவரை கிளைவிட்டு அடர்ந்து நிற்கும். உள்ளே புகுந்த பந்து கண்ணிற் படுவதே அரிது. பட்டாலும் கோல் வீச இடமிராது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோ அடித்து வழிக்குத் திரும்புவதைத் தவிர வேறு கதியில்லை. மரத்தில் முக்காற்பங்கு வெற்றிடந்தானே என்பது ஆட்டக்காரர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். சைப்பிரஸின் முன் அந்த ஆறுதல் செல்லாது.

காணாமற்போன பந்துக்குத் தண்டம் கடுமையானது. ஓர் அடியைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிச் சென்று மறுபடி அடித்தல் வேண்டும். தேடுவதற்கு ஐந்து நிமிடம் என்றிருந்த விதி 2019ஆம் ஆண்டு முதல் மூன்று நிமிடமாகச் சுருக்கப்பட்டது. ஆகவே அடர்ந்த திடலில் ஆட்டக்காரனுக்குத் துணை அவனுடைய கோல் மட்டுமன்று. பை சுமக்கும் உதவியாளனின் கண்ணும் ஆகும். ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த அவர்கள் பந்து மரத்தில் மோதிய ஓசையைக் கேட்டே அது எப்பக்கம் தெறித்தது என்று ஊகிப்பர். எந்தக் குழிக்கருகே நிலம் ஓடைப்பக்கம் சரிகின்றது, எந்த மரத்தின் வேர் மேலெழுந்து கோலை முறிக்கும் என்பனவெல்லாம் அவர்கள் அறிந்தவை. வெற்றிக் கிண்ணங்களில் அவர்கள் பெயர் பொறிக்கப்படுவதில்லை.

மரத்தின் நிழல் புல்லையும் ஆள்கிறது. குட்டையாக வெட்டப்படும் புல்லுக்கு வெயில் உயிர். அடர்ந்த நிழலில் அது மெலிந்து, பாசிக்கு இடம் விடும். மரவேர் நீரையும் உரத்தையும் பங்கிட்டுக்கொள்ளும். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் நிலப்பனி உறையும். திறந்த புல்வெளியிலேதான் அது மிகுதி, மரத்தடியில் குறைவு. ஆனால் காலைவெயில் ஏறும்போது மரநிழல் விழும் இடத்தில் மட்டும் வெண்மை நெடுநேரம் நிற்கும். உறைந்த புல்லை மிதித்தால் அது கருகிவிடும். ஆகவே அன்றைய ஆட்டத்தின் தொடக்கத்தையும் நிழலே தள்ளிவைக்கின்றது.

இவ்வாறு மரம் ஆட்டத்தை நுட்பமாக்குகிறதா, அன்றி நெரிக்கின்றதா என்ற வழக்கு உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் ஓகஸ்டாத் திடல், பழைய நாற்றுத்தோட்டம் ஒன்றில் எழுந்து, பைன் மரங்களாற் புகழ் பெற்றது. அங்கே பதினேழாம் வழியில் நின்ற ஒரு பைன் மரம் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரின் பந்தை ஓயாது தடுத்தது, அதை வெட்டச் சொன்னார் அவர், கழகம் இணங்கவில்லை. மரத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. 2014ஆம் ஆண்டின் பனிப்புயலே அதற்கு முடிவு கட்டியது. பென்சில்வேனியாவின் ஓக்மொன்ட் திடல் வேறு வழி சென்றது. 1903இல் திறந்தவெளியாகத் தோன்றிய அது, பின்னர் அழகு கருதி ஆயிரக்கணக்கான மரங்களை நட்டது. 1990களுக்குப் பின் அவற்றையே ஆயிரக்கணக்கில் வெட்டி அகற்றியது. புல்லும் காற்றும் பழைய ஆட்டமும் திரும்பின என்று மகிழ்ந்தோரும் உளர். பழகிய நிழல் போயிற்றே என்று வருந்தினோரும் உளர். நுவரெலியா போன்ற மலைத்திடலுக்கு ஓக்மொன்டின் வழி பொருந்தாது என்றே கருதவேண்டியுள்ளது. ஆறாயிரம் கெஜமும் இல்லாத திடலில் மரத்தை எடுத்துவிட்டால் அங்கே விளையாட என்ன எஞ்சும்? வேண்டுவது வெட்டுதலன்று, கிரவீலியாவுக்குச் செய்வதுபோல், காற்றும் வெயிலும் ஊடே செல்லக் கிளை கழித்தல்.

ஊவாவில் இதே வழக்கு ஆட்டத்தோடு நில்லாது வாழ்வையே தொட்டது. 1970களிலும் அதன் பின்னரும் பத்தனைகளின்மேல் பைன் காடுகள் பரவலாக நடப்பட்டன. வெறும் புல்வெளி பசுங்காடாயிற்று என்று ஒருசாரார் பெருமைப்பட்டனர். ஊற்றுகள் வற்றுகின்றன, ஊசியிலை மூடிய நிலத்தில் வேறொன்றும் முளைப்பதில்லை, கோடையில் தீ எளிதிற் பற்றுகின்றது என்று கீழ்ச்சரிவில் வயலும் தோட்டமும் வைத்திருந்தோர் முறையிட்டனர். கோல்ப் திடலில் மரம் தவறான இடத்தில் நின்றால் ஓர் அடி நட்டம். ஊவாவில் அது தவறான இடத்தில் நின்றால் ஒரு லயத்துக்குக் குடிநீர் நட்டம். பல தோட்டங்களில் இன்றும் நீர் மலை ஊற்றிலிருந்தே குழாய் வழியாக வருகிறது. ஊற்று மெலிந்தால் குடத்தோடு ஏறுபவள் பெண்.

அம்மரங்களை நட்டோரின் கதையிலும் ஒரு முரண் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் மலைநாட்டு மரமாகவே எண்ணப்பட்டது. அதற்குக் குழி தோண்டிய தொழிலாளர் வழியினருள் மிகப் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் பல்லாயிரம் குடும்பங்கள் பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் புகைவண்டியேறித் தலைமன்னார் சென்று, கண்டிராத இந்தியாவுக்குக் கப்பலேறின. எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஒரு யூக்கலிப்டஸ் முளைத்து, நாற்பது மீட்டர் உயர்ந்து, வெட்டவும் தகுதி பெற்றுவிடும் காலம்.

நுவரெலியாவுக்கு இன்றும் சித்திரையிற் கூட்டம் வருகின்றது. திடலில் ஆடுவோருள் இப்போது எல்லா இனத்தவரும் உளர். ஆனால் சித்திரை, இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதம். காலையில் வானம் தெளிந்திருக்கும். நண்பகல் கடந்ததும் முகில் திரண்டு, பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். விவரமறிந்தோர் காலையிலேயே ஆட்டத்தைத் தொடங்குவர். முதல் முழக்கம் கேட்டதும் கோல்களைப் பையிலிட்டுத் திடலை விட்டு வெளியேறுவர்; எவரும் உயர்ந்த மரத்தடியில் ஒதுங்குவதில்லை. ஆட்டம் நின்றுபோன புல்வழியில், நனைந்த யூக்கலிப்டஸ் இலையின் மணம் பரவ, அப்புத்தளையில் இடிபட்டு மாண்ட மனிதரின் கல்லறை மட்டும் மழையில் நனைந்து கிடக்கும்.